ஒரு நாளில் இரண்டு மேசை

பிப். 4, '85, திங்கள்

காலையில் தூறல். பஸ் ஏறுவதற்குள் சேலை நுனி நனைந்தது. ஆபீசில் கம்ப்யூட்டர் தொடக்கம். கோப்பைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாக அலைய வேண்டாம் இனி. கப்பல் சரக்கு ஆர்டரை நான் சரிபார்த்து என் ரகசிய எண்ணைத் தட்டினால், தானாகவே பக்கத்து மேசை ஸ்டெல்லாவின் திரைக்குப் போகிறது. அவள் பத்திரங்களை முடித்துத் தட்டினால் கஸ்டம்ஸ் பிரிவுக்கு. தாமதமானால் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி. யாரிடம் எது நிற்கிறது என்று முதலாளி மிஸ்டர் லிம் தம் அறையிலிருந்தே பார்க்கலாம். கண்காணிப்பதில் என் மாமியாரே தோற்றார்.

நாளை தைப்பூசம். பால்குடம். லீவு கிடைத்துவிட்டது. ஸ்டெல்லா வழக்கம்போல:

"நீ போயிட்டு வா சரோ. குட் ஃப்ரைடேக்கு எனக்கு ஊரே லீவு. பூசத்துக்கு உனக்கு யாரு குடுக்கறா? உன் மேசைய நான் பாத்துக்கறேன் லா."

வருஷா வருஷம் நடப்பதுதான். என் எண்ணை அவள் காதில் சொன்னேன்.

வாங்க: பால், சாமந்தி, இவருக்குத் தலைவலி மாத்திரை.

பிப். 5, செவ்வாய்

டேங்க் ரோடு முருகன் கோயில் வரை நடை. தார் சுட்டது. காலில் கொப்புளம். மனசு நிறைவு. எழுதத் தெம்பில்லை.

பிப். 6, புதன்

மிஸ்டர் லிம் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். திரையைத் திருப்பிக் காட்டினார். லீவில் இருந்தவளின் எண் நேற்று முழுக்க வேலை செய்திருக்கிறது! திட்டப்போகிறார் என்று நின்றோம். சிரித்தார்.

"வெரி குட் லா. டூ டேபிள், ஒன் பெர்சன். ஃபோர் ஓ'கிளாக் ஃபினிஷ்."

அதே சிரிப்போடு அடுத்தது. இனி இரண்டு மேசைக்கும் ஒருவர் போதுமாம். நாளை ஸ்டெல்லாவுக்கு லீவு. நான் தனியாக இரண்டையும் செய்து காட்ட வேண்டும். யார் வேகமோ அவருக்கு வேலை.

தூக்கிவாரிப் போட்டது. உதவி செய்ததற்கு இதுவா? இன்னும் நம்ப முடியவில்லை. ஸ்டெல்லா கழிவறையில் அழுதாள். "நான் கொஞ்சம் மெதுவா செஞ்சிருக்கணும்டி." அவள் வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்தி.

ராத்திரி இவரிடம் சொன்னேன். "நீதான் ஃபாஸ்ட்டு. நல்லா செய். புக்கிட் பாத்தோக் வீட்டுக் கடன மாசாமாசம் கட்டணும்ல?" என்றார். கோபம் வந்தது. சொன்னது நிஜம் என்பதால் இன்னும் கோபம்.

பிப். 7, வியாழன்

வெயில். ஸ்டெல்லாவின் நாற்காலி காலி. எழுதவே வெட்கம்: கை பறந்தது. மத்தியானத்துக்குள் இரண்டு மேசையிலும் பாதிக்கு மேல் முடிந்தது. அவளைவிட வேகம். சந்தோஷப்பட்டேன். முருகா, நானா சந்தோஷப்பட்டேன்!

சாப்பிட்டு வந்ததும் போன். ஸ்டெல்லா. ஃபேரர் பார்க் பக்கம் ஏதோ கடையிலிருந்து. பின்னால் லாரிச் சத்தம்.

"சரோ, கேளு. என் திரையில மணிலா சரக்கு ஒண்ணு இருக்கும். எடை தப்பு. அப்படியே அனுப்பிடாத, கஸ்டம்ஸ்லேருந்து திரும்பி வந்துடும். உனக்கு லேட்டாயிடும்."

"ஏன்டி எனக்குச் சொல்றே?"

"பின்ன யாருக்குச் சொல்வேன்? காசு முடியப்போவுது, வெக்கறேன்."

போனை வைத்தேன். பிறகு என் மேசை வேலையை மட்டும் முடித்தேன். அவளுடையதை அதற்குமேல் தொடவில்லை. ஸ்டெல்லா பெயருக்குப் பக்கத்தில் ஒன்றன்பின் ஒன்றாக நட்சத்திரம். கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்திருந்தேன்.

மிஸ்டர் லிம் வந்து பின்னால் நின்றார். என்ன ஆயிற்று என்றார். ஒருத்தரால் முடியாது சார் என்றேன். ஸ்டெல்லா முடித்தாளே என்றார்.

தெரிந்த இங்கிலீஷில் தட்டுத்தடுமாறிச் சொன்னேன்: அது எனக்காகச் செய்தது, சார்.

அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாயங்காலம் சொல்லி அனுப்பினார்: நாளை காலை இரண்டு பேரும் வேலைக்கு வர வேண்டுமாம்.