வளையத்துக்கு ஒரு சாண் கிழக்கே

இன்று மத்தியானம் ஆபீசில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது உள்ளங்கையிலிருந்து ரப்பர் வாசனை வந்தது. சோப்புப் போட்டுக் கழுவியும் விரல் ரேகைகளில் பந்தின் கறுப்பு போகவில்லை. காலையில் ஆடினேன் என்பது அப்போதுதான் உறைத்தது. நீ போன பிறகு இப்படித்தான். எதைச் செய்தாலும் கொஞ்ச நேரம் கழித்தே எனக்குத் தெரியவருகிறது.

கல்லூரிக் கூடைப்பந்து அணியில் சேர்ந்த புதிதிலேயே நமக்குள் வேலை பிரிந்துவிட்டது. பந்தைத் தட்டிக்கொண்டு வந்து, யாருக்கு எப்போது கொடுப்பது என்று நீ முடிவு செய்வாய். நான் உயரம். கூடைக்குக் கீழே நின்று, வருவதைப் பிடித்துப் போடுவேன். "யோசிக்கிறது என் வேல, குதிக்கிறது ஒன் வேல" என்பாய். கல்யாணம், பிள்ளைகள், எனக்குத் துறைமுகத்தில் வேலை, உனக்கு ஐஸ் பிளான்ட் நிர்வாகம் என்று எல்லாம் வந்தன. மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கும் சிமென்ட் தளத்தில் மட்டும் அந்தப் பிரிவினை மாறவே இல்லை.

சாயங்காலக் கடற்காற்று பந்தைத் தள்ளிவிடும். ஆட்டம் தொடங்கும் முன் நீ வளையத்தைப் பார்க்க மாட்டாய். பக்கத்து மாடியில் காயும் துணிகளைப் பார்ப்பாய். "இன்னைக்கு ஒரு சாண் கிழக்க போடுங்க" என்பாய். போடுவோம். விழும்.

மதுரையில் கூரை போட்ட அரங்கில் ஒருமுறை ஆடப் போனோமே. அங்கேயும் எல்லோரும் ஒரு சாண் தள்ளியே போட்டோம். எதிரணிப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இடைவேளையில் நீ எங்களை நிற்க வைத்து, "ஏளா, இங்கன கடலும் இல்ல, காத்தும் இல்ல. மண்டைக்குள்ள அடிக்கிற காத்த மொதல்ல நிப்பாட்டுங்க" என்றாய். தோற்றோம். பஸ்ஸில் கோவில்பட்டி தாண்டியதும் நீ சொன்னாய்: "பழகுனத கை செஞ்சிரும். இது அந்த எடம் இல்லன்னு சொல்லத்தாம்ளா மண்டை இருக்கு."

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு நான் வேலையை விடுவேன் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். விடுவதுதான் வழக்கம். நான் விடாததற்குக் காரணம் அந்த பஸ்ஸில் நீ சொன்னதுதான். உன்னிடம் இதைச் சொன்னதில்லை.

உன் நோய் முற்றியபோது, ஆஸ்பத்திரியில் டாக்டர் இன்னொரு சுற்று மருந்து கொடுத்துப் பார்க்கலாம் என்றார். நீ ஜன்னலைப் பார்த்தாய். "வேண்டாம் சார், வீட்டுக்குப் போறேன்" என்றாய். பிறகு என் பக்கம் திரும்பி, "என்னளா, ஃப்ரீ த்ரோ தவறுன மாதிரி மூஞ்சிய வச்சிருக்க?" என்றாய்.

கல்லறைத் தோட்டத்தில் உன் அக்கா என் பக்கத்தில் நின்றாள். "ஒனக்கு அழுகையே வரலையா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. "வரலக்கா" என்றேன்.

அதன் பிறகு யாரும் தளத்துக்குப் போகவில்லை. போன வாரம் நம் அணியின் ஜெயராணி வீட்டுக்கே வந்துவிட்டாள். "குதிக்க ஆளு கெடைக்கும்ளா. பந்தக் கொண்டு வார ஆளுதான் கெடைக்காது. நீ கொண்டு வாரியா, இல்ல இதோட கலச்சிருவமா?" என்று செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கேட்டாள். உன் இடத்தில் நிற்பதை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. அணி கலைந்தால் அந்தத் தளத்துக்குப் போக எனக்கு வேறு காரணமும் இல்லை. வருகிறேன் என்றேன். ஆசைப்பட்டுச் சொல்லவில்லை. மறுத்தால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

இன்று காலை பந்தோடு நடுக்கோட்டில் நின்றேன். தலைக்குள் ஒன்றும் ஓடவில்லை.

"ஏளா, பந்த அடைகாக்கியா? போடு!" என்று ஜெயராணி கத்தினாள்.

போட்டேன். பந்து நேராகக் கூடைக்குக் கீழே போய், யாரும் தொடாமல் சுவரில் மோதியது.

"அங்கன யாருக்குளா போட்ட?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் போலிருக்கிறது.

எனக்குத்தான் போட்டிருக்கிறேன். நீ எப்போதும் போடுகிற இடத்துக்கு.

அழுகை இன்னும் வரவில்லை. யோசிக்கிற வேலை மட்டும் என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அணியைக் கலைக்க வேண்டாம் என்று ஜெயராணியிடம் சொல்லிவிட்டேன். கூடைக்குக் கீழே நிற்க, உயரமாக ஒருத்தியைத் தேடவும் சொல்லியிருக்கிறேன்.