பின்பாரம் வாலாட்டிய கதை

பாயு செரீஸ், லூசியானா

அன்பு மகள் ஓடிலுக்கு, நானும் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், அந்த அலாஸ்காக் குளிரில் நீயும் அப்படியே இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். வழக்கம்போல நான் சொல்லச் சொல்ல அம்மாதான் எழுதுகிறாள், ஆனால் எழுதுவதோடு சரி, இனி என் பிக்கப் வண்டியில் ஏறப்போவதில்லை என்று சொல்லிவிட்டாள். அவள் இல்லாமல் நான் எப்படிப் படகை இறக்குவது, நான் படகு ஏற்றிய ட்ரெய்லரைத் தண்ணீருக்குள் பின்னால் தள்ள அவள் படகில் நின்று மோட்டாரைக் கிளப்புவாள், அடித்துளையை அடைத்தாயா என்று கேட்பதும் என் மிதவைச் சட்டையின் வாரை இறுக்குவதும் அவள்தான். இறால் பிடிக்க வைத்த கூண்டெல்லாம் சதுப்பில் அப்படியே கிடக்கிறது, மாட்டிய இறால் செத்துக்கொண்டிருக்கும்.

சனிக்கிழமை நல்ல பாடு, கூண்டெல்லாம் நிறைந்திருந்தது. சேற்று இறால் மூட்டைகளை இங்கே எல்லாரும் செய்வதுபோல படகில் மோட்டாரை ஒட்டிப் பின்னால் அடுக்கினேன், நிழலும் ஈரமும் அங்கேதான், இறால் உயிரோடு வீடு வரும். கால்வாய்ப் பாலத்து இறக்கத்தில் ட்ரெய்லர் வாலாட்ட ஆரம்பித்தது, நான் பிரேக்கை மிதித்தேன், ஆட்டம் கூடி எங்கள் பிக்கப்பையே பக்கவாட்டில் இழுத்தது, எதிரே எண்ணெய் லாரி. அம்மா கத்தவில்லை. "யோவ், பிரேக்க விடு. கால எடுத்துட்டு ஸ்டியரிங்க நேரா பிடி" என்றாள். வேகம் தானாகக் குறைந்து ஆட்டமும் அடங்கியது. வீடு வந்து இறங்கியவள்தான், பிறகு ஏறவில்லை.

காலையில் வெறும் படகோடு அதே பாலத்தில் நேராகப் போனது திரும்பும்போது மட்டும் ஏன் ஆட வேண்டும், எனக்குத் தூக்கமே வரவில்லை. பக்கத்து வீட்டு யுலிஸ் காற்று என்றான், பிறகு டயர் என்றான், பிறகு என் வயசு என்றான். நான் மூட்டைகளில் மணலை நிரப்பி முற்றத்தில் ஏற்றிப் பார்த்தேன். பின்னால் அடுக்கினால் பிக்கப்பில் மாட்டுகிற ட்ரெய்லர் முன்கம்பி ஒரு கைக்கே இறகுபோல எழும்புகிறது. எல்லாவற்றையும் படகின் மூக்கில் போட்டேன், பாரம் தாங்காமல் பிக்கப்பின் பின்பக்கம் குந்திவிட்டது. சக்கர அச்சுக்குச் சற்று முன்னால் வைத்தபோது கம்பி அளவாகக் கனத்தது, பிக்கப்பும் குந்தவில்லை. படகை ட்ரெய்லரோடு கட்டுகிற பின்பக்க வாரையும் இறுக்கிக்கொண்டு பாலத்துக்குத் தனியாகப் போய் மெதுவாக இறங்கினேன், ஆடவே இல்லை. இறாலுக்கு ஈரச் சாக்கைப் போர்த்திக்கொள்ளலாம். ஆனாலும் பின்னால் கிடக்கிற பாரம் முன்னால் போகிற வண்டியை எப்படித் திருப்புகிறது என்று இன்னும் விளங்கவில்லை. உன் ஊரில் நாய் இழுக்கிற சறுக்கு வண்டியும் இப்படி வாலாட்டுமா, ஓட்டுகிறவர்களைக் கேட்டு எழுது.

இங்கே அம்மா பேனாவை வைத்துவிட்டு வெளியே போய் வந்தாள். எங்கே போனாய் என்றால், எழுத வேண்டியதைச் சொல்லு என்கிறாள். காதை மூடிக்கொண்டு வெளியே போ மகளே, மாதா உன்னைக் காக்கட்டும்.

உன் அப்பா ஆல்சிட், என் குறி X

ஓடில், கம்பியை நானே தூக்கிப் பார்த்தேன். கனமாகத்தான் இருக்கிறது. விடியற்காலை போகிறோம், அவரிடம் இன்னும் சொல்லவில்லை. அம்மா.