இருப்பேன் என்று சொல்லிவிட்டேன்

சனிக்கிழமை, இரவு

பாரிஸுக்குக் கிளம்புகிறேன் என்று சொல்லத்தான் இன்று ரோபோ கிளப்புக்குப் போனேன். அங்கே பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பது நானும் சகாயமும் மட்டும்தான். எனக்கு முன்பே கயல்விழியின் அம்மா மண்டபத்தூரிலிருந்து மகளோடு வந்து காத்திருந்தார்.

"சென்னைப் போட்டிக்குப் பொம்பளப் புள்ளய அனுப்ப மாட்டேன்னு அவ அப்பா குதிச்சாரு. டீச்சர் கூடவே இருப்பாங்கன்னதும்தான் சரின்னாரு. நீங்க இருப்பீங்கல்ல?"

கயல்விழி தன் ரோபோவின் சக்கரத்தை உருட்டியபடி என் முகத்தையே பார்த்தாள்.

"இருப்பேங்க" என்றேன். போட்டிக்கு ஒரு வாரம் முன்பே எனக்கு விமானம்.

அந்த அம்மா போனதும் சகாயத்திடம் கெஞ்சினேன். "நீ கூட்டிட்டுப் போயேன்."

"நான் கூட்டிட்டுப் போறேன்னா அவங்க வீட்டுல விடுவாங்களா?" என்றான். விடமாட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பாரிஸில் இருக்கும் அண்ணனுக்குப் போன் செய்து, பயணத்தைத் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டேன்.

"எத்தனை பேர்கிட்ட சொல்லி இந்த வேலைய உனக்கு வாங்கியிருக்கேன் தெரியுமா? ஒழுங்கா வந்து சேரு" என்றான். அவனிடமும் சரி என்றுவிட்டேன்.

அம்மா பக்கத்து அறையில் என் பெட்டியில் ஸ்வெட்டர்களை அடுக்குகிறாள். கயல்விழி அனுப்பிய குரல் செய்தியை இப்போதுதான் கேட்டேன். "அக்கா, சென்னைக்குக் கொண்டுபோக எங்கப்பா எனக்குப் புதுப் பை வாங்கியாந்துட்டாங்க."