ஆறு மீட்டர் தள்ளிப் போட்ட துளைகள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், அவள் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீயும் சுகமாக இருக்கிறாய் என்று வைத்துக்கொள்கிறோம், நாலு நாளாகப் போன் எடுக்காதவளைப் பற்றி அதற்கு மேல் என்ன எழுதுவது.

நீ ஏன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். எங்கள் சுரங்கப்பாதைச் சுவரில் சின்ன வெடி வைத்து, அந்த அதிர்வு முன்னால் இருக்கும் பாறையில் பட்டுத் திரும்புவதைப் பதிந்து உனக்கு அனுப்பினோம். அங்கிருந்தே அதைப் படித்துவிட்டு, தோண்டும் முகப்பிலிருந்து பதினெட்டு மீட்டரில் நொறுங்கிய பாறை, உள்ளே தண்ணீர், வேலையை நிறுத்துங்கள் என்று எழுதினாய். நிறுத்தினோம். இருபது மீட்டர் வரை துளை போட்டுப் பார்த்தோம், ஒரு சொட்டு ஈரம் இல்லை. எதற்கெடுத்தாலும் அவசரப்படுவதால் நாங்கள் 'சீக்கிரம்' என்றே பெயர் வைத்திருக்கும் சூப்பர்வைசர், ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டுக் கதை விடுறாங்க, அந்தப் பொண்ண மாத்தச் சொல்லுங்க, நாளைக்குக் காலைல வெடி வைக்கிறோம் என்று குதித்தார். உன் ஆபீசுக்கும் எழுதிவிட்டார். நான் பக்கத்தில் ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டு நின்றேன். சிபாரிசுன்னு பேசுவாங்க, உங்க பொண்ணுன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்கப்பா என்று நீ கேட்டிருந்தாய். அது எனக்கு அப்போது வசதியாகவும் போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் அலமாரி மாட்டச் சொல்லி அம்மா பிடித்துக்கொண்டாள். அவள் குறி போட்ட இடத்தில் சுவர் பொலபொலவென்று உதிர்ந்தது, ஒரு சாண் தள்ளித் துளை போட்டேன். போட்ட கையோடு சுரங்கத்தில் செய்தது ஞாபகம் வந்தது. அந்தச் சின்ன வெடிகளுக்கும் அதிர்வு வாங்கும் கருவிகளுக்கும் துளை போட்டவனும் நான்தானே. அங்கேயும் பாறை உதிர்ந்ததால் எல்லாத் துளைகளையும் ஆறு மீட்டர் முகப்புப் பக்கம் தள்ளிப் போட்டேன், தாளில் மட்டும் பழைய அளவையே அனுப்பிவிட்டேன். வெடியும் கருவியும் ஆறு மீட்டர் முன்னால் போனால் நீ சொன்ன இடமும் ஆறு மீட்டர் முன்னால் போக வேண்டும் அல்லவா? நீ சரியாகத்தான் படித்தாய் கண்ணு, தப்பு உன் அப்பன் கையெழுத்தில் இருந்தது.

மறுநாள் வெடி மருந்து இறக்குவதற்குள் ஓடிப் போய்ச் சொன்னேன். வாங்கிய திட்டை இங்கே எழுதினால் அம்மா படித்துவிடுவாள். அதே துளையை நீட்டினார்கள். இருபத்துநாலாவது மீட்டரில் துளைக் கம்பியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு தண்ணீர் பீறிட்டது, 'சீக்கிரம்' தொப்பலாக நனைந்துவிட்டார். இப்போது தண்ணீரை வடித்துவிட்டுப் பாறைக்குள் சிமெண்ட் பால் ஏற்றிக்கொண்டிருக்கிறோம். தப்பு என்னுடையது என்று உன் ஆபீசுக்கு இன்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். எனக்கு மெமோ வரும், வரட்டும்.

வேளைக்குச் சாப்பிடு, திரையையே பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே, குளிருக்குக் காதை மூடிக்கொள் என்று அம்மா எழுதச் சொன்னாள். நீ நீடூழி நன்றாக இருக்க வேண்டும்.

இன்னொன்று. தலையைத் துவட்டிக்கொண்டே 'சீக்கிரம்', யாருங்க அந்தப் பொண்ணு, உள்ள வேலை பாக்குற பன்னெண்டு பேர் உயிரக் காப்பாத்திடுச்சே என்றார். நீ சொன்னது ஞாபகம் இருந்தும் வாய் நிற்கவில்லை, என் பொண்ணு என்று சொல்லிவிட்டேன். உன்னைத் திட்டும்போது சொல்லாதவன், புகழும்போது சொன்னேன். அதற்கு நீ என்னை நன்றாகத் திட்ட வேண்டும், போனை எடு.

இப்படிக்கு,
உன் அப்பா