நானே எழுதிய வருத்தம்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். கண்ணில் போட்ட கட்டை அவிழ்க்கும்வரை அக்கா இதைப் படித்துக் காட்டட்டும். வலி இருக்கிறதா? சமாளிக்காமல் உண்மையைச் சொல்.

நான் நலம். செய்தியில் காட்டும் சண்டை இங்கிருந்து வெகு தூரம். விமானங்கள்தான் அந்த வானத்தைத் தவிர்த்துச் சுற்றிப் போகின்றன, பாதி ரத்து. ஒரு வாரமாக எங்கள் டிக்கெட் அலுவலகத்தில் பயணிகளுக்கு வேறு விமானம் தேடித் தருவதே வேலை. ரத்துச் செய்தியை எழுதியதும் நான்தான்: “தங்கள் விமானம் ரத்து. சிரமத்துக்கு வருந்துகிறோம்.” செவ்வாயன்று அது என் போனுக்கே வந்தது. உன் ஆபரேஷனுக்கு முந்தின நாள் நான் ஊருக்கு வந்து சேர வேண்டிய விமானம்.

மேலாளர் எட்டிப் பார்த்து, “நீ எழுதினதுதானே? நல்லாத்தான் இருக்கு” என்றார். நானும் சிரித்து வைத்தேன்.

அடுத்து போனில் ஒருவர் கத்தினார். வழக்கமான பதில் வாயில் வரவில்லை. “ஊர்ல யாருங்க காத்திருக்காங்க?” என்று கேட்டுவிட்டேன். சட்டென்று அடங்கி, “அம்மா” என்றார். அவருக்கு மூன்று விமானம் மாறிப் போக வழி கிடைத்தது. எனக்கு அடுத்த மாதம்தான்.

சொட்டு மருந்தை நேரத்துக்குப் போட்டுக்கொள். மேலாளர் கூப்பிடுகிறார்.

அக்கா, இது உனக்கு: நான் பேசும்போது குக்கர் விசிலடித்தால் போனைப் பொத்தாதே. நம் வீட்டுச் சத்தம், நானும் கேட்கிறேன்.

உன் மகன்