மாவுக்கட்டுக்குள் ஒன்பது நாள்

தூத்துக்குடி
17-8-1975

அன்பு மகன் செந்தில்வேலுக்கு ஐயா எழுதிக்கொள்வது. பம்பாயில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை.

உன் தங்கச்சி செல்லக்கனிக்கு முதுகெலும்பு ஆபரேஷன் முடிந்து இன்றோடு ஒன்பது நாள். வளைவு நிமிர்ந்துவிட்டது என்று டாக்டர் கிருபாநிதி எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார், எனக்கு என்ன தெரியும், தலையை ஆட்டினேன். ஆனால் கழுத்திலிருந்து இடுப்பு வரை மாவுக்கட்டு போட்ட நாள் முதல் பிள்ளை வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை, பச்சைப் பித்தமாக வாந்தி. ஊசி போட்டார்கள், மூக்கு வழியாகக் குழாய் விட்டார்கள், வயிற்றுப் பக்கம் மாவுக்கட்டை ஜன்னல் மாதிரி வெட்டிவிட்டார்கள், அடிக்கடி குப்புறத் திருப்பிப் போடச் சொன்னார்கள். குளுக்கோஸில்தான் உயிர் ஓடுகிறது. பதினாலு வயசுப் பிள்ளையை ஒரு கையால் தூக்கிவிடலாம். டாக்டர், இன்னும் ஒரு வாரம் பார்ப்பேன், வாந்தி நிற்காவிட்டால் கட்டைப் பிரித்துவிடுவேன், பிரித்தால் முதுகு பழையபடி வளையும், இன்னொரு ஆபரேஷனை இந்த உடம்பு தாங்காது என்று சொல்லிவிட்டார்.

இதில் என் பங்கும் இருக்கிறது. முந்தாநாள் நர்ஸ் என்னைத் தனியே கூப்பிட்டு, "அண்ணாச்சி, கட்டு மட்டும் காரணமில்ல, நீங்க கிட்ட வந்தாலே பிள்ளைக்கு ஓங்கரிக்கு, உங்க மேல கருப்பட்டி வாசம்" என்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது. நாற்பது வருஷம் உடன்குடிக் கடையில் கருப்பட்டி மூட்டைக்கு நடுவில் இருந்தவனுக்கு அந்த வாசம் தெரியவா போகிறது. சோப்புப் போட்டுத் தேய்த்தேன், கடலில் போய் முங்கினேன், புது வேட்டி சட்டை வாங்கிக் கட்டிக்கொண்டு போனேன். வாசலைத் தாண்டவில்லை, "ஐயா, அங்கனயே நில்லுங்க" என்றாள் பிள்ளை. சொல்லிவிட்டு அழுதாள். அவ்வளவு நாளும் வாந்திக்குப் பேசின் பிடித்தது நான்தான். வாந்தி வருகிறதே என்று நான் ஓட ஓட, நான் ஓடியதாலும் வந்திருக்கிறது. இப்போது வராந்தாவோடு சரி.

அம்மா கடைப் பக்கம் வராதவள், அவளைப் பிள்ளை சகிக்கிறாள். ஆனால் ஒருத்தியால் திருப்பிப் போட முடியவில்லை. லீவு கிடைத்தால் வா. தந்தி கொடுத்தால் வேறு மாதிரி நினைத்துப் பயந்துவிடுவாய் என்று கடிதம் போடுகிறேன், இது வந்து சேருவதற்குள் கட்டைப் பிரித்திருந்தாலும் பிரித்திருப்பார்கள். வாந்தி நிற்கும் என்ற நம்பிக்கை எனக்குப் போய்விட்டது.

திருச்செந்தூர் முருகன் உன்னையாவது நன்றாக வைக்கட்டும். வந்தால் வீட்டுக்குப் போகாதே, அங்கேயும் கருப்பட்டி வாசம் ஒட்டிக்கொள்ளும், நேரே ஆஸ்பத்திரிக்கு வா. ஸ்டேஷனுக்கு நான் வரமாட்டேன். வராந்தாவில் என்னைக் கண்டாலும் கிட்ட வராமல் உள்ளே போய்விடு.

உன் ஐயா
சிவனணைந்தபெருமாள்