கமலம் அமுக்கியும் குறையாத சத்தம்

வெள்ளி, 18 மார்ச் 1994. பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்.

மத்தியானம் சிடி பிளேயரை ஆம்ப்ளிஃபையரோடு டிஜிட்டல் கேபிளில் இணைத்தேன். மாலை விளக்கேற்ற வந்த என் மனைவி கமலம் சத்தத்தைக் குறைக்க வழக்கம்போல் பிளேயரின் ரிமோட்டை அமுக்கினாள். சத்தம் துளியும் குறையவில்லை. சாமிக்கு முன்னால் டிரம்ஸ் முழங்கியது.

"வேணும்னுதானே இப்படிச் செஞ்சீங்க?" என்றாள்.

கேபிள் விற்ற கடைக்குப் போன் செய்தேன்.

"அங்கிள், அந்தக் கேபிள்ல சத்தம் போகாதுலா, வெறும் நம்பர்தான் போகும். ரிமோட்டுல இருக்கிற சத்தப் பட்டன் பழைய சிவப்பு வெள்ளை வயருக்குத்தான் வேலை செய்யும். இப்ப எவ்வளவு சத்தம்னு ஆம்ப்ளிஃபையர்தான் முடிவு பண்ணும்."

அதிசயமாக இருந்தது. யோசித்தால், எங்கள் அரசாங்க அலுவலகத்திலும் இதே ஏற்பாடுதான். கீழே இருந்து எண்களை அனுப்புகிறோம். அதில் எவ்வளவு வெளியே கேட்க வேண்டும் என்பதை மேலே ஒருவர் தீர்மானிக்கிறார்.

கமலத்திடம் அப்படியே ஒப்பித்தேன். என்னை நம்பினாளா என்று முகத்தில் தெரியவில்லை.

"அப்ப ரிமோட்டு சும்மாவா?"

"இந்தக் கேபிள் இருக்கிறவரைக்கும் சும்மாதான்."

"ஆம்ப்ளிஃபையருக்கு ரிமோட்டு?"

"கிடையாது. கையாலதான் திருப்பணும்."

ரிமோட்டை என் மடியில் வைத்தாள். தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.